வெர்னா எழுதிய பாட்டும் நான் தூங்கிய தூக்கமும்

எங்கள் நாஷ்வில்லில் தடுக்கி விழுந்தால் பாட்டு எழுதுகிற யாராவது ஒருத்தர் மேல்தான் விழ வேண்டும். ஐம்பது வருஷத்தில் என் மேலும் பலர் விழுந்திருக்கிறார்கள். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "நீங்க என்ன பாட்டு எழுதியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அறுநூறு பாட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று நாய்த்தீனி விளம்பரத்தில் பதினைந்து விநாடி வந்தது. மீதியெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டிகளில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுத்தேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

ஆனால் 'சாவி அங்கேயேதான்' என்று சொல்லிப் பாருங்கள். பெட்ரோல் போட வந்து நிற்பவர்கூட முதல் இரண்டு அடியை ராகத்தோடு பாடிவிடுவார். அந்தப் பாட்டுக்குக் கீழே இரண்டு பெயர் போட்டிருக்கும். முதல் பெயர் வெர்னா டிட்வெல். இரண்டாவது பெயர் டாயில் ராக்ஸ்டேல். அது நான்தான். அந்தப் பாட்டு எழுதப்பட்டபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் வெர்னாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள்தான் ஆள். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்த சாமான்.

வெர்னா எங்கள் மாநிலத்திலேயே ஸ்பார்ட்டா என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்துப் பெண். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு டெக்சஸ் போனான், லாரியும் அவனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். எழுபத்து நாலில், எட்டு வயது மகள் டார்லாவைக் கூட்டிக்கொண்டு நாஷ்வில்லுக்கு வந்தாள். பாட்டு எழுத வந்த எல்லோரும் ஓட்டலில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தபோது, இவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் ஒரு நடை, மூன்று மணிக்கு ஒரு நடை. நடுவில் இருக்கிற நேரத்தில் பாட்டு.

அந்த பஸ்தான் அவளுடைய பரீட்சைக் கூடம். திங்கட்கிழமை ஓட்டிக்கொண்டே ஒரு மெட்டை முணுமுணுப்பாள். வெள்ளிக்கிழமைக்குள் கடைசி சீட்டுப் பிள்ளைகள் அதைக் கேலியாகவாவது பாடிவிட்டால் பாட்டு பாஸ். பாடவில்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். என் மெட்டு ஒன்றையும் ஒரு வாரம் அப்படி முணுமுணுத்துப் பார்த்தாள். ஒரு பையன், "பஸ்ல ஏதோ ரிப்பேர் போல, சத்தம் வருது"ன்னு சொன்னானாம்.

எங்கள் ஊரில் பாட்டு எழுதுவது பல் பிடுங்குவது மாதிரி, நேரம் குறித்து வைத்துத்தான் நடக்கும். பதினொரு மணி என்றால் பதினொரு மணி. பாட்டுப் பதிப்பகம் என்று பெயர் வைத்த பழைய வீட்டில் ஒரு சின்ன அறை, ஒரு சோபா, இரண்டு நாற்காலி, ஒரு பானை காபி. அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி முடிக்கும்போது யார் யார் உள்ளே இருந்தார்களோ அத்தனை பேர் பெயரும் பாட்டில் சேரும். ஒருத்தர் முழுப் பாட்டையும் சொல்லியிருக்கலாம், இன்னொருத்தர் ஜன்னலைத் திறந்து மட்டும் விட்டிருக்கலாம். பெயரின் எழுத்து ஒரே அளவுதான். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் 'அந்த வரி என்னுது' என்று அடித்துக்கொண்டே பாதிப் பேர் செத்திருப்பார்கள்.

வியாழக்கிழமைகளில் வெர்னாவுக்கு ஜோடி நான். ஏன் என்னை வைத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நீ குறுக்க பேச மாட்ட" என்று ஒரு தரம் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தாறாம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலையில் நான் நான்கு சூடான ரொட்டி பிஸ்கட்டும், மேலே வழிய வழிய இறைச்சிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். வெர்னா வந்தாள். பஸ் சாவியை ஆணியில் மாட்டினாள். வழக்கமாகச் சொல்கிற வணக்கத்தைக்கூடச் சொல்லவில்லை.

"ஏதாச்சும் யோசனை இருக்கா?" என்றேன்.

"இருக்கு. நீ கொஞ்ச நேரம் பேசாம இரு."

சொன்ன பேச்சைக் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினேன். யோசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் மூடினேன்.

முழங்காலில் பென்சில் குத்தியபோது மணி ஒன்றரை. வெர்னா மடியில் மஞ்சள் தாள் அட்டை, அதில் ஒரு முழுப்பாட்டு. அவள் கண் சிவந்திருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்ட கூர்மையான ஆள்.

"டாயில், ஒண்ணு கேக்குறேன், யோசிக்காம சொல்லு. ரொம்ப நாளா வராத ஆளு திடீர்னு வந்து வாசல்ல நின்னா, வாயத் தொறந்து முதல்ல என்ன கேப்ப?"

தூக்கக் கலக்கம். மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. எனக்குப் பசித்தது.

"சாப்பிட்டியான்னு கேப்பேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அதான்" என்றாள். கடைசி வரியாக அதை எழுதினாள். தாளின் மேலே தேதி, அதன் பக்கத்தில் அவள் பெயர், என் பெயர்.

"என் பேர ஏன் போடுற? நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்."

"ரூம்லதான தூங்கின?" என்று சொல்லிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸை ஓட்டப் போய்விட்டாள்.

அந்த வருஷம் வசந்தத்தில்தான் டார்லா வீட்டை விட்டுப் போயிருந்தாள். பத்தொன்பது வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டிரம் அடிக்கிற ஒருத்தனோடு வெளிமாநிலத்து டல்சாவுக்குப் போனாள். அம்மாவும் மகளும் கத்திய கத்தல் தெருக்கோடி வரை கேட்டது என்று பேச்சு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். பாட்டையும் அதையும் சேர்த்துப் பார்ப்பதற்கு மூளை வேண்டும். என் மூளை பெயிண்ட் கலப்பதில் இருந்தது.

அடுத்த கோடையில் அந்தப் பாட்டு இல்லாத ரேடியோ இல்லை. பூந்தொட்டிக்கு அடியில் சாவி அங்கேயேதான் இருக்கிறது, கதவு கீலுக்கு எண்ணெய் போட்டாயிற்று, உன் செருப்பை நாய் இன்னும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறது, இப்படிப் போகும் பாட்டு. கடைசியில் எல்லா வாத்தியமும் நின்றபிறகு பாடுகிறவர் பேச்சுக் குரலில் 'சாப்பிட்டியா?' என்று மட்டும் கேட்பார். அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

எண்பத்தொன்பதில் என் மனைவி நெல்டா என்னை விட்டுப் போனாள். அவள் போனதுதான் எனக்கு மேடையில் வாழ்வு கொடுத்தது.

சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஹோபார்ட் கஃபே என்று ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு நாள் பாட்டு எழுதுகிறவர்கள் நாலு பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டாகப் பாடுவோம். பாடுவதற்கு முன் அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். வெர்னா மட்டும் சொல்ல மாட்டாள். "பாட்டுக்கு விளக்கம் சொல்லணும்னா, எழுதினவளுக்குக் கை சரியில்லன்னு அர்த்தம்" என்பாள். ஒரு நாள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, 'சாவி' பாட்டை யாருக்காக எழுதினீர்கள் என்று கேட்டார். வெர்னா குனிந்து கிதாரைத் திருகினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன விட்டுட்டுப் போன என் பொண்டாட்டிக்கு" என்றேன்.

தொண்ணூறு பேர் ஒரே நேரத்தில் உச்சுக் கொட்டினார்கள். அந்த அம்மா தன் தட்டிலிருந்த பீச் பழப் பலகாரத்தை அப்படியே என் பக்கம் நகர்த்தினார். அறுநூறு பாட்டு எழுதியும் எனக்கு யாரும் பலகாரம் கொடுத்ததில்லை.

அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியுமா? அடுத்த வாரம் கதையில் மண்தொட்டி வந்தது. அதற்கடுத்த வாரம் தொட்டியில் சிவப்பு ஜெரேனியம் பூத்தது. பிறகு, நெல்டா திரும்பி வருவாள் என்று தினமும் இரண்டு தட்டு வைத்தேன் என்று சேர்த்தேன். எங்கள் வீட்டில் பூந்தொட்டியே கிடையாது. நெல்டா போகும்போது தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெண்டாட்டி விட்டுப்போன துக்கத்தை, அவள் போவதற்கு மூன்று வருஷம் முன்னாடியே எழுதிவைத்த ஒரே புருஷன் நான்தான். யாரும் தேதியைச் சரிபார்க்கவில்லை.

வட்டத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. கூட எழுதினவன் மேடையில் கதை சொல்லும்போது குறுக்கே மறுத்துப் பேசக்கூடாது. வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து, சுருதி சேர்ந்திருக்கிற கிதாரை மறுபடி மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தரம் வெளியே கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன்.

"கோவமா வெர்னா?"

"கதை நல்லாத்தான் இருக்கு. ஜெரேனியத்தக் கொஞ்சம் குறைச்சுக்க."

அவ்வளவுதான் சொன்னாள். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

தொண்ணூற்றாறில் டார்லா திரும்பி வந்தாள். டிரம்காரன் எப்போதோ கழன்றுவிட்டானாம். ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இரண்டு பேருமே மனதில் இருப்பதை வாயால் சொல்லத் தெரியாதவர்கள், கோழி நன்றாக வெந்திருக்கிறதா என்பதைப் பற்றி இருபத்து மூன்று வருஷம் பேசினார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச் மாதம் வெர்னா இறந்துபோனாள். மூன்றாம் நாள் டார்லா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் அந்த மஞ்சள் தாள்.

"டாயில் அங்கிள், அம்மா அலமாரியில இருந்துச்சு. இந்தப் பாட்டு யாருக்கு எழுதினது?"

பழக்க தோஷம். "அது வந்தும்மா, நெல்டா என்ன விட்டுட்டுப் போனப்போ..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மேல தேதியப் பாருங்க."

அக்டோபர் ஒன்பது, எண்பத்தாறு.

"அன்னிக்கு எனக்கு இருபது வயசு முடிஞ்சுது" என்றாள். "இருபது வருஷத்துக்கு மேல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். ஒரே ஒரு தடவ கேட்டேன். 'டாயில்கிட்ட கேளு, அவன் நல்லா கதை சொல்லுவான்'னு சொல்லிட்டாங்க. அந்த ரூம்ல இருந்தது நீங்க ரெண்டு பேர்தான். ஒருத்தர் போயாச்சு. எனக்கு எழுதினதா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சி நான். அந்தச் சாட்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். 'ஆமாம்மா, உனக்குத்தான், உன் பேரைச் சொல்லிச் சொல்லி எழுதினாள்' என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அதற்கும் ஒரு ஜெரேனியம் வைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அந்த எண்ணம் வந்ததற்காக முதல் தடவையாக என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை கஃபேயில அஞ்சலிக் கூட்டம் இருக்குல்ல, அங்க சொல்றேன்" என்றேன். தைரியசாலி மாதிரி கேட்கும். நாலு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கஃபே நிரம்பி வழிந்தது. வெர்னாவின் பஸ்ஸில் போன பிள்ளைகள் வழுக்கைத் தலையோடு வந்திருந்தார்கள். நெல்டாவும் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்திருந்தாள். வட்டத்தில் வெர்னாவின் நாற்காலியில் அவள் கிதாரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டார்லா கடைசி மேசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. எல்லோரும் ஜெரேனியத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"இந்தப் பாட்டை எழுதினப்ப நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். நான்கு பிஸ்கட்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நெல்டா போனது அதற்கு மூன்று வருஷம் கழித்து என்பதையும் சொன்னேன்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று நெல்டாவின் குரல் வந்தது. "பதினெட்டு வருஷம் இந்த ஆளோட குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னப் பாத்து சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரா? எனக்கு எழுதின பாட்டாம்."

கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கடைசி மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

"யாருக்கு எழுதினான்னு அவ என்கிட்ட சொல்லல டார்லா. நானும் கேக்கல. எனக்குத் தெரிஞ்சது மூணுதான். அன்னிக்குத் தேதி ஒன்பது. அவ அழுதிருந்தா. ரொம்ப நாளா வராத ஆளு வாசல்ல வந்து நின்னா என்ன கேக்குறதுன்னு அவளுக்குத் தெரியல, என்கிட்ட கேட்டா. எனக்குப் பொண்டாட்டி அப்ப வீட்லதான் இருந்தா. அந்த ரூம்ல இருந்த ரெண்டு பேர்ல, வராத ஆளுக்காகக் காத்திருந்தது அவ ஒருத்திதான்."

பிறகு பாடினேன். நன்றாகவே பாடினேன். கைதட்டினார்கள், சிலர் வந்து கட்டிப்பிடித்தார்கள். உண்மையைச் சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது. முப்பது வருஷப் பொய்யை இருபது நிமிஷத்தில் தீர்த்துவிட்டோம், கூடவே கைதட்டலும் கிடைத்தது என்று ஒரு சந்தோஷம். சாலட் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வெளியே கார் பக்கத்தில் டார்லா நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா சொன்னீங்க அங்கிள்."

"இத்தனை நாள் சொல்லாம விட்டது தப்புதாம்மா."

"தொண்ணூத்தொண்ணுல நான் ஒரு தரம் ஊருக்கு வந்தேன்" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. டல்சாவுல ரேடியோவுல அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு, அது எனக்குத்தானோன்னு ஒரு நெனப்பு. நேரா வீட்டுக்குப் போக தைரியம் இல்ல. கஃபேயில அம்மா பாடுறாங்கன்னு போர்டு பாத்து உள்ள வந்தேன். இன்னிக்கு உக்காந்த அதே மேசை. நீங்க கதை சொன்னீங்க. பூந்தொட்டி, ஜெரேனியம், ரெண்டு தட்டு. அம்மா பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. ஒரு வார்த்த மறுத்துப் பேசல. சரி, நமக்கு இல்லன்னு எழுந்து போயிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். மறுபடி வர எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு."

அவள் காரின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டேன். வெர்னா என்ன நினைத்திருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது. நாடு முழுக்க ரேடியோவில் கூப்பிட்டாயிற்று, மகள் காதில் விழாமல் இருக்காது, விழுந்தும் வரவில்லை. அந்த ஐந்து வருஷமும் அப்படி நினைத்துக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து கிதாரைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் கதைக்குத் தட்டு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசியா நான் வந்து கதவத் தொறந்தப்போ" என்றாள் டார்லா, "சாவி தொட்டிக்கு அடியிலதான் இருந்துச்சு. அம்மா அடுப்பங்கரையில நின்னுட்டு இருந்தாங்க. என்னப் பாத்து, 'சாப்பிட்டியா?'ன்னாங்க. எனக்கு அப்படி ஒரு கோவம். பெத்த பொண்ணுகிட்ட சொல்ல சொந்தமா ஒரு வார்த்த கூடவா இல்ல, டாயில் பொண்டாட்டிக்கு எழுதின வரியச் சொல்றாங்களேன்னு. 'வர்ற வழியில சாப்பிட்டேன்'னு பொய் சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டேன். எனக்கு அன்னிக்குப் பசியில உயிர் போச்சு."

"என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அழுகை வந்தது, அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

"இனிமே கதைய எப்படிச் சொல்லப் போறீங்க?"

"இன்னிக்குச் சொன்ன மாதிரிதான். நான் தூங்கினேன்னு."

"அது சிரிக்கிறதுக்கு நல்லா இருக்கு" என்றாள். "அந்த அஞ்சு வருஷத்தையும் சேத்துச் சொல்லுங்க."

அன்றிலிருந்து சேர்த்துத்தான் சொல்கிறேன். பிஸ்கட்டில் சிரிக்கிறார்கள், குறட்டையில் சிரிக்கிறார்கள், நெல்டா சொன்னதற்கு இன்னும் கொஞ்சம் சிரிக்கிறார்கள். அதற்கப்புறம் கடைசி மேசையையும், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போன பெண்ணையும் சொல்கிறேன். முள்கரண்டிகளைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் எனக்கு யாரும் பலகாரம் கொடுப்பதில்லை.

டார்லா மாதத்துக்கு ஒரு தரம் வருவாள். அதே மேசை. போன மாதம் நான் சொல்லிக்கொண்டே வந்து, "என் பொய்யால அவங்க ரெண்டு பேருக்கும் நாலு வருஷம் போச்சு" என்றேன். வாய் தவறிவிட்டது என்றுதான் வெளியே சொல்கிறேன். ஒன்று குறைத்தால் கொஞ்சம் லேசாக இருக்காதா என்று உள்ளே ஒரு நப்பாசை.

வட்டத்தில் யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது சட்டம்.

"அஞ்சு" என்று கடைசி மேசையிலிருந்து குரல் வந்தது.

"அஞ்சு" என்று திருத்திச் சொல்லிவிட்டு, பாட ஆரம்பித்தேன்.